ஹெல்த் பவுடரால் உயிர் போக இருந்தவர், அக்குபஞ்சருக்குப் பாடநூல் தந்த கதை: யார் இந்த ஹுவாங்ஃபு மி?

கடும் குளிர்காலம். ஒரு மனிதர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஐஸ் கட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். உடம்பு உள்ளுக்குள் எரிகிறது. கோடை வந்தால் இன்னும் மோசம். நிம்மதியாக உட்கார முடியாது, இருமல் நிற்காது, சில நாள் மலேரியா மாதிரி குளிரும் காய்ச்சலும், கை கால் வீங்கிக் கனக்கும்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பவுடர். உடம்புக்குத் தெம்பு, மனசுக்குத் தெளிவு என்று சொல்லி அந்தக் காலத்துச் சீனாவில் பெரிய மனிதர்கள் எல்லாம் சாப்பிட்ட பவுடர்.

அந்த மனிதரின் பெயர் ஹுவாங்ஃபு மி. காலம் கி.பி. 215 முதல் 282 வரை. இன்று சீனாவில் அக்குபஞ்சரின் முன்னோடி என்று கொண்டாடப்படுபவர். இந்த மருத்துவத்தை ஊசிப் புள்ளி வாரியாக ஒழுங்குபடுத்தி, இன்றுவரை நமக்குக் கிடைத்திருக்கும் முதல் முழு நூலைத் தொகுத்தவர்.

ஆனால் வரலாறு அவரை வைத்தியம் பார்த்துப் பிழைத்தவராகக் காட்டவில்லை. எழுத்தாளர், வரலாற்று ஆய்வாளர், அதைவிட முக்கியமாக ஒரு நீண்டகால நோயாளி. அந்த நோயாளி எப்படி மருத்துவப் பாடநூல் எழுதினார்? அதற்கு முதலில் அவரது சித்தியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

*இருபது வயதுவரை ஊர் சுற்றி*

ஹுவாங்ஃபு மி பிறந்தது வடமேற்குச் சீனாவின் ஆன்டிங் பகுதியில். குடும்பம் பெரிய குடும்பம்தான். கொள்ளுத்தாத்தா ஹுவாங்ஃபு சோங், ஹான் பேரரசின் புகழ்பெற்ற தளபதி. கி.பி. 184ல் வெடித்த மஞ்சள் தலைப்பாகை கலகத்தை அடக்கியவர்களில் ஒருவர். ஆனால் மி வளர்ந்தபோது அந்தச் செல்வாக்கு எதுவும் மிச்சம் இல்லை. அவருக்கு 5 வயது இருக்கும்போது ஹான் பேரரசே முடிந்துபோனது. நாடு மூன்றாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

சின்ன வயதிலேயே அவரைச் சித்தப்பாவுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் இன்றைய ஹெனான் மாகாணத்தில் இருக்கும் ஷின்ஆனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஏறவில்லை என்பதைவிட, அந்தப் பக்கமே போகவில்லை என்பது சரி. இருபது வயதிலும் ஊர் சுற்றல்தான். சரியான மண்டு என்று ஊரில் சிலர் நினைத்தார்கள்.

ஆனால் சித்தி மேல் உயிர். எங்காவது பழம் கிடைத்தால் நேராகக் கொண்டுவந்து சித்தியிடம் கொடுப்பார். ஒருநாள் அப்படிக் கொடுத்தபோது சித்தி ரென் சந்தோஷப்படவில்லை. பெற்றவர்களையும் பெரியவர்களையும் மதிப்பது பற்றிப் பேசும் 'ஷியாவோ ஜிங்' என்ற பழைய நூலை எடுத்துக்காட்டினார். விருந்தே படைத்தாலும் அது மட்டும் பிள்ளையின் கடமை ஆகிவிடாது, இருபது வயது தாண்டியும் படிப்பும் நெறியும் இல்லாத பிள்ளை எனக்கு எப்படி ஆறுதல் தர முடியும் என்று கேட்டார். நீ படித்தால் பலன் உனக்குத்தான், எனக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று சொல்லிவிட்டு அவன் முன்னாலேயே அழுதார்.

அந்த அழுகை வேலை செய்தது.

*ஏர் ஒரு கை, புத்தகம் ஒரு கை*

ஊரில் இருந்த ஷி டான் என்ற ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். வீட்டில் வறுமை. வயல் வேலையையும் விட முடியாது. அதனால் வயலுக்கே புத்தகத்தைக் கொண்டுபோனார். இடைவெளி கிடைத்தபோதெல்லாம் படித்தார்.

தாமதமாக ஆரம்பித்தவர், பிறகு நிறுத்தவே இல்லை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் மறந்து படித்ததால் புத்தகப் பைத்தியம் என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே வந்துவிட்டது. இப்படிப் படித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று சிலர் எச்சரித்தார்கள். காலையில் நல்ல வழி தெரிந்துவிட்டால் மாலையில் சாவதுகூடப் பரவாயில்லை என்பதுதான் அவரது பதில். உடம்பைப் பற்றிய அந்த அலட்சியத்துக்கு அவர் பின்னால் பெரிய விலை கொடுத்தார்.

பேரரசர்களின் வரலாறு, பதவியை மறுத்து வாழ்ந்த சான்றோர் கதைகள், பெண்களின் வாழ்க்கை வரலாறுகள் என்று நிறைய எழுதினார். அரசு வேலை தேடிப் போகவில்லை. நெருங்கிய உறவினர் ஒருவர் மாவட்ட ஆளுநராகப் பதவி ஏற்கப் போனபோது, விருந்து வைத்து வழியனுப்பச் சொன்னார்கள். சாதாரண ஆளாக வந்தபோது உப்பும் காய்கறியும்தான் போட்டேன், இப்போது கறியும் மதுவும் வைத்தால் அது பதவிக்குச் செய்யும் மரியாதை, உறவுக்கு அல்ல என்று மறுத்துவிட்டார்.

*உடம்பில் பாதி மரத்துப்போனது*

பிறகு நோய் வந்தது. உடம்பின் ஒரு பக்கம் உணர்ச்சி இல்லாமல் போனது. வலது கால் சூம்பியது. அன்றைய சீன மருத்துவம் இதைக் காற்றால் வரும் வாதம் என்று வகைப்படுத்தியது. இன்றைய மருத்துவப் பெயர் எது என்று 1,700 ஆண்டுகள் கழித்து உட்கார்ந்து முடிவு செய்வது கஷ்டம். அவரே பிற்காலத்தில் பேரரசருக்கு எழுதிய மனுவில், 19 ஆண்டுகளாக இந்த நிலையில் இருப்பதாகச் சொல்கிறார். அந்த நிலையிலும் கையில் இருந்த புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

கி.பி. 256-260 காலத்தில் வாதத்தோடு காதும் கேட்காமல் போனது. நூறு நாள் அந்த அவஸ்தை. கிடைத்த வைத்தியம் எல்லாம் மேலோட்டமாக இருந்தது. அப்போது அவருக்கு நாற்பதுகளில் வயது.

*'குளிர் உணவுப் பவுடர்' என்ற டிரெண்ட்*

முதலில் சொன்ன பவுடர் இங்கேதான் கதைக்குள் வருகிறது. அதன் பெயர் 'ஹன்ஷி சான்'. குளிர் உணவுப் பவுடர் என்று அர்த்தம். கற்களையும் தாதுக்களையும் பொடி செய்து தயாரிப்பது. ஐந்து தாதுக்கள் சேர்ந்த வகையும் உண்டு. அதில் கந்தகம், குவார்ட்ஸ் போன்றவை சொல்லப்படுகின்றன.

இதை ஃபேஷன் ஆக்கியவர் ஹே யான். அரசவையில் செல்வாக்குள்ளவர், அழகர், அறிவாளி. இன்றைய பாஷையில் சொன்னால் இன்ஃப்ளூயன்சர். இதைச் சாப்பிட்டால் உடம்பு வலுவாகிறது, மனசு பளிச்சென்று திறக்கிறது என்று பேச்சு பரவியது. தலைநகரமே பின்னால் ஓடியது. ஹே யான் கி.பி. 249ல் அரசியல் மோதலில் கொல்லப்பட்டார். பவுடர் மோகம் மட்டும் சாகவில்லை.

இதைச் சாப்பிடுவதற்கு ஏகப்பட்ட நிபந்தனைகள். சாப்பிட்ட பிறகு உடம்பு தீயாய்க் கொதிக்கும். அந்தச் சூடு இறங்க ஆறிய சாப்பாடுதான் சாப்பிட வேண்டும். குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டும். மெல்லிய துணிதான் போட வேண்டும். மது மட்டும் சூடாகக் குடிக்க வேண்டும். உட்காராமல் நடக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் உடம்பு திருப்பி அடிக்கும்.

ஹுவாங்ஃபு மியும் சாப்பிட்டார். அந்த முறைகளில் தவறிவிட்டதாகவும், 7 ஆண்டுகளாக விஷம் தின்றவன் மாதிரி துடிப்பதாகவும் அதே மனுவில் எழுதினார். குளிர்காலத்தில் வெற்றுடம்போடு ஐஸ் சாப்பிட்டது, கோடையில் தவித்தது எல்லாம் அவரே சொன்ன விவரங்கள்தான்.

உடம்பு வலி மனசையும் உடைத்தது. துக்கமும் ஆத்திரமும் சேர்ந்து ஒருநாள் தன் உயிரை எடுத்துக்கொள்ளவே துணிந்துவிட்டார். அவரிடம் பேசி, தடுத்து நிறுத்தியவர் சித்தி என்று அரசு வரலாற்று நூலான 'ஜின் ஷு' பதிவு செய்கிறது. ஊர் சுற்றிய பையனைப் படிக்க வைத்த அதே உறவு, இந்த முறை அவரை உயிரோடு நிறுத்திவைத்தது.

*தன் தவறை ஊருக்குச் சொன்னார்*

பொதுவாக நாம் ஏமாந்துபோனால் வெளியே சொல்ல மாட்டோம். பணம் போனது போகட்டும், மானம் போகக் கூடாது என்று நினைப்போம். இவர் எழுதி வைத்தார். அந்தப் பவுடரின் பக்கவிளைவுகள் பற்றி அவர் எழுதியதில் ஒரு பகுதி, கி.பி. 610ல் தொகுக்கப்பட்ட நோய்க் காரணங்கள் பற்றிய அரசு மருத்துவ நூல் ஒன்றின் வழியாக இன்றும் கிடைக்கிறது.

அதைப் படித்தால் இன்றைய மருத்துவ கேஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கும். தம்பி முறை உறவினர் ஒருவருக்கு நாக்கு தொண்டைக்குள் சுருங்கியது. இன்னொருவருக்கு முதுகில் கட்டி வந்து குழி விழுந்தது. வேறொருவருக்கு முதுகெலும்பு ஓரம் சதை அழுகியது. ஷு பகுதியைச் சேர்ந்த ஒருவரின் உறவினர்களில் ஆறு பேர் இறந்தார்கள். ஒவ்வொருவரையும் பெயர், ஊர் போட்டுக் குறிப்பிட்டு, எல்லாம் இந்தப் பவுடரால் வந்தது என்று எழுதினார்.

பக்கத்து வீட்டில் ஆள் சாவதைப் பார்த்தும் மக்கள் ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. உடனே கிடைக்கும் பலன் கண்ணுக்குத் தெரிகிறது, பின்னால் வரும் கேடு தெரிவதில்லை என்பதே அவர் கண்ட விடை. சாப்பிட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்ய வேண்டும் என்றும் விவரமாக எழுதினார்.

*மூன்று புத்தகம், ஒரே நூல்*

அவரது முக்கியமான வேலை, கிடைத்த வைத்தியத்தில் நம்பிக்கை போன அந்த நாட்களில் தொடங்கியது. மருத்துவர்களை மட்டும் நம்பிக்கொண்டு இருக்காமல் மூல நூல்களை எடுத்துப் படித்தார்.

அன்று அக்குபஞ்சர் பற்றி மூன்று முக்கிய நூல்கள் இருந்தன. ஒன்று 'சூவென்'. இரண்டாவது 'ஊசி நூல்', இன்று 'லிங்ஷு' என்று அறியப்படுவது. மூன்றாவது ஊசிப் புள்ளிகளைப் பட்டியலிட்ட 'மிங்தாங்'. பிரச்சினை என்னவென்றால், மூன்றிலும் சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தார்கள். சில இடங்களில் ஒன்றுக்கொன்று முரண். எந்த நோய்க்கு எந்தப் புள்ளி என்று தேடினால் மூன்று நூலையும் புரட்ட வேண்டும்.

வரலாறு எழுதியவருக்கு இது பழக்கப்பட்ட வேலை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேவையில்லாத வார்த்தைகளை வெட்டி, திரும்ப வருவதை நீக்கி, தலைப்பு வாரியாக அடுக்கினார். அப்படி உருவானதுதான் 'ஜென்ஜியு ஜியாயி ஜிங்'. சுருக்கமாக 'ஜியாயி ஜிங்'. 12 தொகுதிகள், 128 அத்தியாயங்கள்.

உடம்பில் 349 புள்ளிகள் இதில் இருக்கின்றன. தலை, முகம், மார்பு, முதுகு, கை, கால் என்று பகுதி பகுதியாக எங்கே இருக்கிறது, ஊசி எவ்வளவு ஆழம் போகலாம், எத்தனை மூச்சு நேரம் விட்டுவைக்கலாம், மாசிபத்திரி வகை மூலிகையைப் பற்றவைத்துச் சூடு கொடுக்கும் 'மோக்ஸா' எத்தனை முறை என்று எல்லாம் உண்டு. ஊசி படவே கூடாத இடங்களும் உண்டு. பிறகு நோய் வாரியாகப் புள்ளிகள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும் புள்ளிகள் 361. பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொரு விஷயம். மூன்றாவது நூலான 'மிங்தாங்' பிற்காலத்தில் தொலைந்துபோனது. அதில் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதற்கு முக்கியக் காரணம், இந்த நோயாளி உட்கார்ந்து செய்த தொகுப்புதான்.

*மனசுக்கு முதல் அத்தியாயம்*

அக்குபஞ்சர் என்றால் நமக்கு ஊசிதான் ஞாபகம் வரும். ஆனால் ஜியாயி ஜிங்கின் முதல் அத்தியாயம் மனசையும் ஐந்து உள்ளுறுப்புகளையும் பற்றியது. ஊசி எடுப்பதற்கு முன் நோயாளியின் மனநிலையைக் கவனி என்பதே முதல் பாடம்.

சீன மருத்துவத்தின் கணக்குப்படி கோபம் கல்லீரலோடும், மகிழ்ச்சி இதயத்தோடும், ஓயாத யோசனை மண்ணீரலோடும், துக்கம் நுரையீரலோடும், பயம் சிறுநீரகத்தோடும் தொடர்புடையவை. அளவு மீறினால் அந்த உறுப்பு பாதிக்கும் என்பது கருத்து. இன்றைய உடலியல் இதை இப்படியே ஏற்பதில்லை. ஆனால் மன அழுத்தம் வயிறு, தூக்கம், வலி எல்லாவற்றிலும் தெரியும் என்பதை நைட் ஷிஃப்ட் பார்க்கும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பழைய நூலில் இருந்து அவர் எடுத்துச் சேர்த்த விதிகள் சில இன்றும் ரசிக்க வைக்கின்றன. குடித்திருப்பவர், கோபமாக இருப்பவர், களைத்தவர், வயிறு முட்டச் சாப்பிட்டவர், பட்டினியாக இருப்பவர் யாருக்கும் ஊசி போடாதே. பயந்து வந்தவரை முதலில் அமைதிப்படுத்து. வண்டியில் வந்தவரை ஒரு வேளை சாப்பிடும் நேரம் படுக்க வை. நடந்து வந்தவரை உட்கார வைத்து ஓய்வெடுக்க விடு. அதற்குப் பிறகுதான் ஊசி. ஐந்து நிமிட அப்பாயின்மென்ட் காலத்தில் இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

*பேரரசர் அனுப்பிய ஒரு வண்டிப் புத்தகம்*

அவரது புகழ் அரண்மனைக்கு எட்டியது. ஜின் வம்சத்தின் முதல் பேரரசர் சிமா யான் பலமுறை பதவி கொடுக்க அழைத்தார். ஒவ்வொரு முறையும் உடம்பைக் காரணம் காட்டி மறுத்தார். பேரரசரை மறுப்பது அன்று சாதாரண விஷயம் இல்லை. ஆனால் உண்மையிலேயே படுக்கையில் கிடப்பவரை என்ன செய்வது?

பதவி வேண்டாம் என்றவர், பதிலுக்கு ஒன்று கேட்டார். படிக்கக் கொஞ்சம் புத்தகம் கடன் கிடைக்குமா? பேரரசர் ஒரு வண்டி நிறைய அனுப்பி வைத்தார். உடம்பு முடியாத நிலையிலும் எல்லாவற்றையும் புரட்டினார்.

பிரபலம் ஆகாதவர்களுக்குக் கைகொடுத்தவர் என்றும் அவருக்குப் பெயர். ஜுவோ சி என்ற கவிஞர் பத்தாண்டு உழைத்து மூன்று தலைநகரங்களைப் பற்றி நெடுங்கவிதை எழுதினார். ஆள் யாரென்று தெரியாததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஹுவாங்ஃபு மி முன்னுரை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு ஊரே அதை நகல் எடுக்கக் கிளம்ப, லுவோயாங் நகரில் காகித விலை ஏறிப்போனது. ஒரு நூல் சூப்பர் ஹிட் ஆனால் லுவோயாங்கில் காகித விலை ஏறியது என்று சொல்லும் வழக்கம் சீன மொழியில் இன்றும் இருக்கிறது.

*அவர் குணமானாரா?*

நியாயமான கேள்வி. முழுக்கக் குணமானதாக அவருடைய வரலாறு சொல்லவில்லை. ஊசியால் எழுந்து நடந்தார் என்று முடிந்தால் கதை சினிமா மாதிரி இருக்கும். ஆனால் பதிவுகள் காட்டுவது, நோயோடு வாழப் பழகிய ஒரு மனிதரை.

அவர் நூலின் ஆயுள் வேறு மாதிரி போனது. டாங் வம்ச காலத்தில் மருத்துவக் கல்வியில் இடம் பிடித்தது. 8ஆம் நூற்றாண்டு ஜப்பானில் மருத்துவ மாணவர்களின் பாடநூல் ஆனது. கொரியாவுக்கும் போனது. 1938ல் இந்தியாவில் இருந்து சீனாவுக்குச் சென்ற மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸுடன் இருந்த டாக்டர் பி.கே. பாசு, 1950களின் இறுதியில் மீண்டும் சீனா போய் அக்குபஞ்சர் கற்றுவந்து கொல்கத்தாவில் தொடங்கினார். 2010ல் சீன அக்குபஞ்சரும் மோக்ஸாவும் யுனெஸ்கோவின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

*இன்று அறிவியல் என்ன சொல்கிறது?*

சுருக்கமாகப் பார்க்கலாம்.

- நாள்பட்ட முதுகுவலி, கழுத்துவலி, மூட்டுவலி, அடிக்கடி வரும் தலைவலி ஆகியவற்றில் அக்குபஞ்சர் ஓரளவு நிவாரணம் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கீமோதெரபிக்குப் பிறகு வரும் குமட்டலிலும் பலன் பதிவாகியிருக்கிறது.

- ஆனால் நிஜ ஊசிக்கும், சோதனைக்காகப் போடும் பாவனை ஊசிக்கும் இடையே பலனில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சிறியது. நம்பிக்கை, ஓய்வு, கவனிப்பு ஆகியவற்றின் பங்கும் இதில் இருக்கிறது.

- மனப்பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மைக்கு உதவலாம் என்று சில ஆய்வுகள் சொன்னாலும், மனநல மருத்துவரின் சிகிச்சையை நிறுத்திவிட்டு இதற்கு மாறும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

- போவதாக இருந்தால் முறையாகப் பயிற்சி பெற்றவரிடம் போங்கள். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் புது ஊசியா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

- மூலிகை, தாதுப் பொடி எதுவாக இருந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் இல்லை என்றால் வாங்காதீர்கள். இதைச் சொல்ல ஹுவாங்ஃபு மியை விடத் தகுதியானவர் யாரும் இல்லை.

*கல்லறையில் ஒரே ஒரு புத்தகம்*

சாவுக்கு முன்பே இறுதிச்சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார். சவப்பெட்டி வேண்டாம். முரட்டுப் பாயில் உடம்பைச் சுற்றி, கயிற்றால் கட்டி, குழியில் இறக்கினால் போதும். நகை, பாத்திரம் எதுவும் வைக்கக் கூடாது. மேடு எழுப்பக் கூடாது, மரம் நடக் கூடாது. செல்வாக்கான குடும்பங்கள் கல்லறையில் செல்வத்தைக் கொட்டிய காலத்தில் இப்படி ஒரு உயில்.

கி.பி. 282ல், சீனக் கணக்குப்படி 68 வயதில் இறந்தார். மகன்கள் அவர் சொன்னபடியே செய்தார்கள்.

ஒரே ஒரு பொருளை மட்டும் கூடவே வைக்கச் சொல்லியிருந்தார். ஒரு புத்தகம். அது அவர் எழுதிய வரலாறு இல்லை, ஜியாயி ஜிங்கும் இல்லை. ஷியாவோ ஜிங். இருபது வயதில் பழத்தோடு வந்து நின்ற பையனிடம், சித்தி அழுதுகொண்டே எடுத்துச் சொன்ன அதே நூல்.

(மன அழுத்தம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் தனியாகத் தவிக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.)